இஸ்தான்புல், ஐந்தாம் நாள்: எதிர்க்கரையில் ஒரு பகல்

இரவு பத்து மணிக்குப் பேருந்து. விடிந்து கொஞ்ச நேரத்தில் துருக்கியின் நடுவே இருக்கும் கப்படோக்கியாப் பகுதியின் கோரெமே. அதற்கு முன் இந்த ஊரில் எனக்கு இன்னும் ஒரு முழுப் பகல் பாக்கி இருந்தது.

முதல் நான்கு நாளும் வரிசையில் நின்றே போய்விட்டன. ஹாகியா சோபியாவுக்கு ஒரு வரிசை, தோப்காபி அரண்மனைக்கு ஒரு வரிசை, 336 தூண்களுடன் தரைக்கடியில் கிடக்கும் பழைய நீர்த்தேக்கத்துக்கு ஒரு வரிசை. பார்த்தது எதுவும் வீணில்லை, அந்த நீர்த்தேக்கத்தின் இருட்டு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஆனாலும் நேற்று ராத்திரி டார்மிட்டரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தபோது மனசுக்கு ஒப்பவில்லை. தெற்கே மர்மரா கடல், கிழக்கே பொஸ்பொரஸ் நீரிணை, வடக்கே பொற்கொம்பு என்று பேர் வாங்கிய கடற்கழி. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர். நாகப்பட்டினத்தில் பிறந்தவள் நான், இங்கே வந்து நான்கு நாளாக ஒரு படகில்கூடக் கால் வைக்கவில்லை. கடைசி நாளில் எந்த நுழைவுச்சீட்டும் வேண்டாம், நீரைக் கடந்து ஆசியக் கரைக்குப் போய் அங்கிருந்து இந்த ஊரைப் பார்ப்போம் என்று முடிவு செய்துவிட்டுத் தூங்கினேன்.

காலையில் முதுகுப்பையைக் கட்டி ஹாஸ்டலின் மாடிப்படிக்குக் கீழே வைத்தேன். காலை உணவு எல்லா நாளும் ஒன்றுதான்: ரொட்டி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், வெள்ளரி, தக்காளி, அவித்த முட்டை, கூடவே இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர். இதையெல்லாம் எடுத்து வைக்கும் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் துருக்கி மொழியில் இருபது சொல் தெரியும். அந்த இருபதில் பாதி உறவுமுறைச் சொற்கள். இங்கேயும் முன்பின் தெரியாதவரை முறைவைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். வயதில் மூத்த ஆணென்றால் 'அபி', அண்ணன். பெண்ணென்றால் 'அப்லா', அக்கா. இன்னும் மூத்தவரென்றால் 'தேய்ஸே'. அந்தச் சொல்லுக்கு அம்மாவுடன் பிறந்த சித்தி, பெரியம்மா என்று அர்த்தம். தாய்க்கு 'அன்னே' என்று பெயர். மொழியியல்படி அதற்கும் நம் அன்னைக்கும் தொடர்பு எதுவும் கிடையாது, ஆனால் தெருவில் ஒரு குழந்தை "அன்னே!" என்று கத்தியபோது நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். ஹாஸ்டல் அம்மாவை நான் தேய்ஸே என்கிறேன், அவர் என்னை 'கிஸம்' என்கிறார். என் மகளே என்று பொருள்.

சாயங்காலம் வந்து பையை எடுத்துக்கொள்கிறேன் என்று சைகையில் சொன்னேன். புரிந்ததற்கு அடையாளமாக இன்னொரு முட்டையைத் தட்டில் வைத்தார்.

படகுத்துறைக்கு இறங்குவதற்கு முன்னால் சுலைமானியே பள்ளிவாசலுக்கு ஏறினேன். கட்டணம் கிடையாது, தொழுகை நேரம் தவிர யாரும் உள்ளே போகலாம். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன். சுல்தான் சுலைமானுக்காக 1550-க்கும் 1557-க்கும் இடையில் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது. குவிமாடத்தின் உச்சி தரையிலிருந்து 53 மீட்டர். இவ்வளவு உயரமான கூடத்துக்குள் நின்றால் மனிதன் எறும்பாகத் தெரிவான் என்றுதான் நினைப்போம். இங்கே அப்படி இல்லை. விளக்கு வளையங்கள் மேலிருந்து நீளக் கம்பிகளில் இறங்கி நம் தலைக்குச் சற்று மேலே நிற்கின்றன. அதனால் ஒரே கூடத்தில் இரண்டு கூரை இருப்பது போல: ஒன்று ஆளுக்கு, ஒன்று ஆண்டவனுக்கு. எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் புகைக்கரி ஓரிடத்தில் வந்து படியும்படி காற்றோட்டத்தை அமைத்து, அந்தக் கரியை எடுத்து எழுத்து மை செய்தார்களாம். சுவரில் எழுத்தணிகளைப் பார்க்கும்போது அந்தச் செய்தி கூடவே நின்றது.

தோட்டத்தில் சுலைமானுக்கும் அவர் மனைவி ஹுர்ரெமுக்கும் தனித்தனிக் கல்லறை மண்டபங்கள், கூட்டம் அங்கேதான். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது சினானின் கல்லறை. அது வளாகத்துக்கு வெளியே, மதிலை ஒட்டித் தெரு முக்கில் இருக்கிறது. ஒடுங்கிய முக்கோணத் துண்டு நிலம், அதன் கூர்முனையில் தெருவைப் பார்த்தபடி ஒரு தண்ணீர்ப் பந்தல். வழிப்போக்கர்களுக்கு இலவசமாகத் தண்ணீர் கொடுக்கும் இந்த மாதிரி மாடத்துக்கு இங்கே 'செபில்' என்று பெயர். ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஒட்டோமான் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து, 1588-இல் இறந்தவர். ஊருக்கு வடக்கே இருக்கும் காட்டிலிருந்து கால்வாயும் நீர்ப்பாலமுமாகத் தண்ணீர் கொண்டுவந்ததும் அவர்தான். அந்தத் திட்டத்துக்குப் பெயர் 'கிர்க்செஷ்மே', நாற்பது குழாய். நகரத்துக்கே குடிதண்ணீர் கொடுத்தவர் தன் கல்லறை வாசலிலும் தண்ணீரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். செபிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். சினான் பிறந்தது காய்சேரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கிறிஸ்தவக் குடும்பத்தில். இளைஞராக இருந்தபோது சுல்தானின் சேவைக்கு எடுத்துவரப்பட்டார். காய்சேரி கப்படோக்கியாப் பகுதிதான். இன்று ராத்திரி நான் போகும் திசையிலிருந்து அவர் இந்த ஊருக்கு வந்திருக்கிறார்.

பள்ளிவாசலுக்கு எதிர்வரிசைக் கடைகளில் வெள்ளை பீன்ஸ் குழம்பும் சோறும் பிரசித்தம். ஐந்து நாளாக ரொட்டி தின்ற வாய்க்குச் சோற்றைக் கண்டதும் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூடவே அய்ரான், அதாவது உப்புப் போட்ட கெட்டி மோர். கறிவேப்பிலை மட்டும்தான் குறை.

எமினோனு படகுத்துறையில் இஸ்தான்புல்கார்டைத் தட்டினால் கதவு திறக்கிறது. ட்ராமுக்கும் மெட்ரோவுக்கும் இதே அட்டைதான். படகென்றால் இங்கே சுற்றுலாச் சமாசாரம் கிடையாது, பேருந்து மாதிரி. ஐரோப்பாவில் வேலை, ஆசியாவில் வீடு என்று தினமும் கண்டம் தாண்டுகிறவர்கள் அலைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் மேல்தளத்தில் திறந்தவெளிப் பெஞ்சில், காற்றில் பறக்கும் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. தட்டில் தேநீர்க் குவளைகளுடன் ஒருவர் வந்தார். கப்பல் ஆடுகிறது, ஒரு சொட்டு சிந்தவில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர் எள் தூவிய 'சிமித்' என்ற வளைய ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் கடற்காகங்களுக்கு எறிந்தார், அவை கப்பலின் வேகத்துக்கே பறந்து அந்தரத்தில் கவ்வின. தீர்ந்ததும் என் கையில் பாதி சிமித்தைக் கொடுத்து, எறி என்று தலையசைத்தார்.

இந்தத் தண்ணீரைப் பற்றி நான் முன்பே படித்திருந்தேன், ஆனால் அதன் மேலே உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது வேறு. பொஸ்பொரஸில் இரண்டு ஓட்டங்கள். மேலே கருங்கடலின் உப்புக் குறைந்த தண்ணீர் தெற்கே மர்மராவை நோக்கி ஓடுகிறது. அடியில் அதைவிட உப்பான, கனமான தண்ணீர் வடக்கே கருங்கடலை நோக்கி ஓடுகிறது. ஒரே நீரிணை, ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் இரண்டு ஆறுகள். மீனவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். மார்சிலி என்ற இத்தாலியர் இங்கே வந்து அளந்து, உப்பு வித்தியாசம்தான் காரணம் என்பதைத் தொட்டி வைத்துச் செய்துகாட்டி 1681-இல் அச்சிட்டார். கடலோரத்தில் வளர்ந்தவளுக்கு இதைப் படிக்கும்போதே உடம்பு சிலிர்த்தது. இப்போது எட்டிப் பார்த்தால் மேலோட்டம் மட்டும் தெரிகிறது, பச்சையும் சாம்பலும் கலந்து, இழுத்துக்கொண்டு போகிறது.

இருபது நிமிஷத்தில் காடிக்கோய். இறங்குவதற்குச் சற்று முன் இடது பக்கம் ஹைதர்பாஷா ரயில் நிலையம் தண்ணீரிலிருந்து எழுந்து வந்த மாதிரித் தெரிகிறது. ஜெர்மானியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,100 மர முளைகளைக் கடலடியில் இறக்கி அதன் மேல் கட்டியது. ஆசியாவுக்குப் போகும் ரயில்களுக்கெல்லாம் வாசலாக இருந்தது இதுதான், பாக்தாத் வரை பாதை போட வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கனவு. 2010-இல் கூரை எரிந்தது, 2013-இல் ரயில்கள் நின்றன. பின்பக்கத் தண்டவாளப் பரப்பைத் தோண்டியபோது பழைய ஊர் வெளிப்பட்டது, கால்கெதோன். காடிக்கோயின் பழைய பெயர்.

நான் இந்தக் கரைக்கு வர ஆசைப்பட்டதற்கு இந்தப் பழைய ஊர்தான் காரணம். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தின் மெகாராவிலிருந்து வந்தவர்கள் முதலில் குடியேறியது இங்கே. எதிர்க்கரையில் பைசாந்தியம், அதாவது இன்றைய பழைய இஸ்தான்புல், அதற்கு 17 வருஷம் கழித்துத்தான் உருவானது. இதைக் கேள்விப்பட்ட பாரசீகத் தளபதி மெகபாஸஸ், "அப்படியானால் கால்கெதோன்காரர்கள் அப்போது குருடர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்" என்று சொன்னதாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவ்வளவு நல்ல இடம் எதிரே காலியாகக் கிடக்கும்போது இங்கே யார் குடியேறுவார்கள் என்பது அவர் கேள்வி. ஒரு வாக்கியம்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக அந்தப் பேர் இந்தக் கரையை விட்டுப் போகவில்லை.

இதற்கு மீன் கணக்கும் ஒன்று உண்டு. துருக்கியின் அமாசியாவில் பிறந்த பழைய புவியியலாளர் ஸ்ட்ராபோ அதைச் சொல்கிறார். கருங்கடலிலிருந்து மீன்கூட்டம் நீரிணை வழியே இறங்கி வரும். கால்கெதோன் பக்கம் தண்ணீருக்குள் இருக்கும் ஒரு வெள்ளைப் பாறையைக் கண்டு மிரண்டு எதிர்ப்பக்கம் திரும்பும். அங்கே நீரோட்டம் அதை அள்ளிக்கொண்டு போய்ப் பொற்கொம்பு கழிக்குள் தள்ளிவிடும். பைசாந்தியத்தார் சிரமமில்லாமல் மீன் வாரினார்கள், எதிரே கால்கெதோன்காரர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

அந்த மீன் பாலாமுத். காடிக்கோய்ச் சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டதும் அதுதான். நம்மூர்ச் சூரையின் உறவுக்காரன், முதுகில் சாய்ந்த கறுப்புக் கோடுகள். இலையுதிர் காலம் இதன் பருவம். கடைக்காரர்கள் செவுளைப் புரட்டி வெளியே எடுத்து விட்டிருக்கிறார்கள், சிவப்புத் தாளில் பூ செய்து செருகின மாதிரி. என் அம்மா நாகை மீனங்காடியில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்க மாட்டாள். செவுள் வெளுத்திருந்தால் விலைகூடக் கேட்க மாட்டாள். இங்கே அந்த வேலையைக் கடைக்காரரே செய்து வைத்துவிடுகிறார். படம் எடுத்து அனுப்பினேன். "நல்ல மீன், என்ன விலை?" என்று உடனே பதில் வந்தது.

சந்தையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினேன். ஆலிவ்கள் வாளி வாளியாக, நிறம் நிறமாக. ஊறுகாய்க் கடை ஒன்றில் முட்டைக்கோஸ், பீட்ரூட், பிஞ்சு வெள்ளரி எல்லாம் கண்ணாடி ஜாடிகளில், எண்ணெயே இல்லாமல் உப்பும் புளிப்புமான நீரில். அந்த நீரைத் தனியே குவளையில் ஊற்றிக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஒரு குவளை குடித்தேன். முதல் மடக்குக்குக் கண் கலங்கியது, இரண்டாவது மடக்கிலிருந்து பிடித்துப்போயிற்று. வேலை செய்கிறவரைக் கடந்து போகும்போது இவர்கள் "கோலாய் கெல்சின்" என்பார்கள், உங்கள் வேலை சுலபமாகட்டும் என்று. கற்ற இருபதில் எனக்கு மிகவும் பிடித்த சொல். மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அபியிடம் சொன்னேன், கத்தியை நிறுத்திவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

மோதா கடற்கரைத் தோட்டத்தில் ஒரு தேநீர். பூனைகள் இரண்டு என் நாற்காலிக்கு அடியில். அவ்வளவுதான், அங்கே வேறு விசேஷம் இல்லை.

காடிக்கோயிலிருந்து உஸ்குதாருக்கு 'தொல்முஷ்' வேனில் போனேன். அந்தச் சொல்லுக்கே நிரம்பியது என்றுதான் பொருள், ஆள் நிரம்பினால் வண்டி கிளம்பும். ஷேர் ஆட்டோவுக்கு நாமும் இப்படியே பெயர் வைத்திருக்கலாம். பின்னால் இருப்பவர்கள் காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுக்க, அது கை மாறி ஓட்டுநரிடம் போகிறது. மீதியும் அதே வழியில் திரும்பி வருகிறது. என் மீதிச் சில்லறை நான்கு கை தாண்டி வந்து சேர்ந்தது.

உஸ்குதாரின் சதுக்கத்தில் மூன்றாம் அகமது சுல்தான் காலத்துப் பளிங்கு நீரூற்று. அதையும் பார்த்துவிட்டு, கரையோடு தெற்கே இருபது நிமிஷம் நடந்தால் சாலாஜாக். கடலைப் பார்த்த படிக்கட்டுகள், உட்காரத் திண்டு, கேட்டால் தேநீர். எதிரே கையெட்டும் தூரத்தில் நீர் நடுவே சிறு கோபுரம், 'கிஸ் குலேசி', கன்னிக்கோட்டை என்று சொல்லலாம். பாம்பு கடித்துச் சாவாள் என்று குறி சொல்லப்பட்ட மகளைக் காப்பாற்ற ஒரு மன்னன் கடல் நடுவே இதைக் கட்டி அவளைக் குடிவைத்தானாம். பழக்கூடைக்குள் பாம்பு வந்து அவளைக் கடித்துவிட்டதாம். அப்படியே பரீட்சித்து மன்னன் கதை. ஒற்றைத் தூண் மண்டபம், பழத்துக்குள் புழுவாக வந்த தட்சகன். பாட்டி மடியில் கேட்ட கதை பொஸ்பொரஸ் நடுவே கல்லாக நிற்பதைப் பார்க்க எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. பக்கத்துத் திண்டில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகளிடம் அலைபேசி மொழிபெயர்ப்பில் பரீட்சித்து கதையைச் சொன்னேன். "பழமும் உண்டா?" என்று இரண்டு முறை கேட்டார்கள்.

ஆறு மணிக்குச் சற்று முன் வெயில் இறங்கத் தொடங்கியது. சூரியன் மறைவது எதிர்க்கரையின் பின்னால்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, இருந்தாலும் முயல்கிறேன். நான்கு நாளாக நான் அண்ணாந்து பார்த்த எல்லாமே ஒரே கோட்டில் வந்து நின்றன. இடது ஓரத்தில் நீலப் பள்ளிவாசலின் ஆறு மினார்கள், அடுத்து ஹாகியா சோபியாவின் கனத்த குவிமாடம், தோப்காபியின் மரங்களும் நீதிக் கோபுரமும், வலக்கோடியில் குன்றின் மேல் காலையில் நான் நின்ற சுலைமானியே. கிட்டே போனபோது ஒவ்வொன்றும் தனித்தனி. கூட்டம், வரிசை, காலணி கழற்றும் இடம் என்று துண்டு துண்டாகத்தான் மனசில் பதிந்திருந்தது. இங்கிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உடம்பு. சினான் அந்தக் குன்றின் விளிம்பை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதும் இப்போதுதான் புரிந்தது. அந்தக் கட்டடம் தண்ணீரில் வருகிறவன் பார்ப்பதற்காகவும் கட்டப்பட்டது. கட்டடங்கள் கறுத்தன, பின்னால் வானம் மாதுளைச் சாறாக மாறியது, கன்னிக்கோட்டையில் விளக்கு போட்டார்கள். அக்கரையிலிருந்து ஒரு பள்ளிவாசலின் பாங்கு கிளம்ப, இக்கரையிலிருந்து ஒன்று பதில் சொல்ல, இரண்டும் தண்ணீரின் மேல் கலந்தன. பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள்.

மெகபாஸஸ் சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. வந்தவர்கள் உழுது பிழைக்க நிலம் பார்த்திருப்பார்கள், அது இங்கே கிடைத்திருக்கும். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து கரைக்கு வந்தால், எதிரே அந்தக் காலிக் குன்றுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதையும் பார்த்திருப்பார்கள். அக்கரைக்காரர்களுக்கு அந்தக் குன்று தெரியாது, அவர்கள் அதன் மேலேயே இருந்தார்கள்.

திரும்பும் படகில் இடம் கிடைக்காமல் தளத்தின் கம்பியைப் பிடித்து நின்றே வந்தேன். பதினைந்து நிமிஷம். கலாட்டா பாலத்தின் மேல் தூண்டிலோடு நிற்பவர்கள் இருட்டிலும் நின்றுகொண்டிருந்தார்கள். வறுத்த கஷ்கொட்டை வாசனை. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன், பேருந்துக்கு.

ஹாஸ்டலுக்கு வந்து பையை எடுத்தபோது தேய்ஸே சமையலறையிலிருந்து வந்தார். ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியும் தக்காளியும் வைத்துத் தாளில் சுற்றி வைத்திருந்தார். காசு எடுத்த கையைத் தட்டிவிட்டார். என் சட்டையில் நீலக்கண் மணி ஒன்றைக் குத்தினார். திருஷ்டி படாமலிருக்க. அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, எங்கள் வீட்டு வாசலில் படிகாரமும் பூசணிக்காயும் தொங்குகிறது.

துருக்கியில் விடைபெற இரண்டு சொல் உண்டு. போகிறவர் சொல்வது "ஹோஷ்சா கால்", நலமாக இரு. இருப்பவர் சொல்வது "குலே குலே", சிரித்துச் சிரித்துப் போ. நான் என் சொல்லைச் சொல்லிவிட்டு வாசலில் இறங்கினேன். பத்தடி போயிருப்பேன், பின்னால் சளார் என்று சத்தம். திரும்பினால் தேய்ஸே கையில் பிளாஸ்டிக் சொம்பு, வாசற்படிக்குக் கீழே கல் பாவிய தெருவெல்லாம் ஈரம்.

"சு கிபி கித், சு கிபி கெல்."

இருபதில் 'சு' எனக்குத் தெரியும், தண்ணீர். மீதியை ட்ராமில் உட்கார்ந்த பிறகுதான் தேடிப் பார்த்தேன். தண்ணீர் மாதிரிப் போ, தண்ணீர் மாதிரி வா. பயணம் போகிறவர் பின்னால் இப்படி நீர் ஊற்றுவது இங்கே வழக்கம். அப்போது எனக்கு அது தெரியாது. ஆனாலும் கையைத் தூக்கி, "போயிட்டு வரேன், தேய்ஸே" என்று தமிழிலேயே சொன்னேன். அவர் தலையாட்டினார்.

எங்கள் தெரு சரிவு. ட்ராமுக்கு நான் மேட்டில் ஏற வேண்டும். ஊற்றிய தண்ணீர் கல் இடுக்குகளில் புகுந்து மர்மராப் பக்கம் இறங்கிப் போனது.